ஒழுங்கு கேட்கும் சான்றோருக்கு

ஐயாமாரே, அம்மாமாரே! அமெரிக்காவில் ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர்கள் நீங்கள். மருந்துக்கு விலை வைப்பவர்கள் நீங்கள். நடைபாதையில் கூடாரம் போட்டுப் படுத்திருப்பவர்களை விடியற்காலையில் எழுப்பிவிட உத்தரவு போடுபவர்களும் நீங்கள்தான். உங்களைத் திட்டுகிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. செய்த காரியத்தின் அளவறிந்து பாராட்டியவர்கள் குறைவு. அந்தக் குறை இன்றோடு தீரட்டும்.

ஹெபடைடிஸ் சி என்று ஒரு கல்லீரல் நோய். ரத்தத்தின் வழியாகப் பரவும் கிருமி அது. இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் குடியிருக்கும். கல்லீரலைத் தழும்பேற்றிச் சுருக்கி, சிலரைப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொள்கிற இடத்தில் இது வேகமாகப் பரவும். அதனால் வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்களிடையே மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். முன்பெல்லாம் இதற்கு இன்டர்ஃபெரான் ஊசிதான் வைத்தியம். பலருக்கு 48 வாரம் போட வேண்டும். காய்ச்சல் வரும், உடம்பு முறுக்கும், மனம் இருண்டுபோகும். அவ்வளவும் பட்ட பிறகு ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் குணம். 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதைவிட எளிய கூட்டு மாத்திரைகளும் வந்தன. இப்போது 8 வாரம், மிஞ்சினால் 12 வாரம். முறையாக முடிப்பவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் கிருமி அடியோடு போய்விடுகிறது.

இப்படி ஒரு மருந்து வந்து ஏறக்குறையப் பத்து வருஷம் ஆன பிறகு உங்கள் நோய்த் தடுப்பு மையம் கணக்குப் பார்த்தது. 2013 முதல் 2022 வரை நோய் கண்டறியப்பட்டவர்களில் கிருமி நீங்கியவர்கள் 34 சதவீதம். 2022இல் மட்டும் இந்த நோயோடு தொடர்புடைய சாவுகள் 12,000க்கு மேல். மருந்தே இல்லாத நோயிடம் தோற்பதற்குத் திறமை எதுவும் தேவையில்லை. இவ்வளவு நல்ல மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு பேரைக் கைவிட வேண்டுமென்றால், பல துறைகள் கைகோத்துப் பல வருஷம் பாடுபட வேண்டும். நீங்கள் பாடுபட்டீர்கள்.

முதல் மாலை விலை வைத்தவர்களுக்கு. கிலியட் நிறுவனம் சோஃபோஸ்புவிரை சோவால்டி என்ற பெயரில் விற்றது. ஒரு முழுச் சிகிச்சைக்கு 84 மாத்திரை, 84,000 டாலர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மனக்கணக்காகப் போட்டுவிடலாம்: மாத்திரை ஒன்று ஆயிரம் டாலர். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில்லும் அவருடைய குழுவினரும் அதே 12 வார மருந்தைத் தயாரிக்க எவ்வளவு ஆகும் என்று 2014இல் மதிப்பிட்டார்கள். 68 டாலரிலிருந்து 136 டாலருக்குள் முடியும் என்றார்கள். அந்த ஆண்டே இந்திய நிறுவனங்கள் சில உரிமம் பெற்று, ஏழை நாடுகளுக்காக இதே மருந்தைக் குறைந்த விலையில் தயாரிக்க ஒப்பந்தம் போட்டன. அமெரிக்க செனட்டின் நிதிக் குழு 18 மாதம் விசாரித்து 2015 டிசம்பரில் அறிக்கை தந்தது. வருவாயைப் பெருக்குவதை வைத்தே விலை முடிவானது, மருந்து எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பது முக்கியக் கணக்கில் சேரவில்லை என்பது அதன் சாரம். குழுவில் இரு கட்சியின் மூத்த உறுப்பினர்களும் சேர்ந்தே அதைச் சொன்னார்கள். அமெரிக்க அரசியலில் இரண்டு கட்சிகளையும் ஒரே பக்கம் உட்காரவைப்பது எவ்வளவு கடினம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒற்றுமையை உண்டாக்கிய பெருமை உங்களுடையது.

விலை ஏறினால் கதவு குறுகத்தானே செய்யும்? அங்கேதான் மெடிகெய்ட் அதிகாரிகளின் பொறுமையைச் சொல்ல வேண்டும். மெடிகெய்ட் என்பது ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பல மாநிலங்கள் மூன்று பூட்டுப் போட்டன. கல்லீரல் நன்றாகத் தழும்பேறும்வரை மருந்து கிடையாது என்பது ஒன்று. குடியையும் போதையையும் விட்டு ஆறு மாதம் ஆனதற்கு நிரூபணம் வேண்டும் என்பது இன்னொன்று. சாதாரண டாக்டர் எழுதினால் செல்லாது, கல்லீரல் நிபுணர்தான் எழுத வேண்டும் என்பது மூன்றாவது. நோய் முற்றும்வரை காத்திருந்து மருந்து கொடுக்கும் பொறுமையை வைத்திய சாஸ்திரம் எங்கும் சொல்லவில்லை. அதை நீங்களே கற்றுக்கொண்டீர்கள். 2015 நவம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, இந்தக் கட்டுப்பாடுகள் சட்டத்துக்கு ஒவ்வாது போகலாம் என்று எச்சரித்தது. அதன் பிறகும் அலபாமா மாநிலம் மதுவையும் போதையையும் பற்றிய தன் விதியை 2022 வரை கட்டிக் காத்தது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி மத்திய நீதித்துறை இறங்கி வந்த பிறகே அது விட்டுக்கொடுத்தது. ஏழு வருஷம்! ஒரு கொள்கையை இவ்வளவு காலம் பிடித்துக்கொண்டு நிற்கும் உறுதி ஒரு போதை நோயாளிக்கு இருந்திருந்தால், உங்கள் ஆறு மாத நிபந்தனையை அவர் சுலபமாகத் தாண்டியிருப்பார்.

மருந்துக்கும் மனிதருக்கும் நடுவே நீங்கள் போட்ட பாதையைக் கொஞ்சம் நடந்து பார்க்கலாம். மேம்பாலத்தின் கீழே படுக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது வயதை ஒட்டியவர்; தோளில் ஒரு பை, கையில் எப்போதாவது சார்ஜ் இருக்கும் ஒரு போன். ஒரு நாள் ரத்தம் கொடுக்கிறார்; நோய் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க. இருக்கிறது. கிருமி இப்போதும் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க மறுபடி ரத்தம். முடிவைக் கேட்க இன்னொரு நாள். கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேறொரு நாள். பிறகு, கேட்கும் மாநிலமானால், முன் அனுமதி விண்ணப்பம். அது ஒரு முறை திரும்பி வரும். ஏதோ ஒரு கட்டம் நிரப்பப்படவில்லை. அனுமதி கிடைத்தால் பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் வாங்க முடியாது. தனியாக ஒரு சிறப்பு மருந்தகம், வேறு ஊரிலிருந்து கூரியரில் அனுப்பும். அனுப்புவதற்கு முன் அவர்கள் போன் செய்து பேச வேண்டும். போன் போன வாரமே தொலைந்துவிட்டது. சரி, பேசிவிட்டார்கள் என்றே வையுங்கள். எந்த முகவரிக்கு அனுப்புவது? யார் கையெழுத்துப் போட்டு வாங்குவது? இத்தனையும் கடந்தால் 28 நாளைக்கான மருந்து வரும். அடுத்த 28 நாளுக்கு இந்தக் கூத்து மறுபடி.

வீடில்லாதவரிடம் வீட்டு முகவரி கேட்கும் விதியை யார் எழுதியிருந்தாலும், அவர் தன் வாழ்நாளில் ஒருநாளும் வாசல் இல்லாமல் உறங்கியிருக்க மாட்டார். நல்ல வாழ்வு வாய்த்தவர். அந்த வாழ்வு இவருக்கும் வாய்க்கட்டும் என்பதுதான் என் ஆசை.

மருந்து கைக்கு வந்தாயிற்று. எப்க்லூசா என்ற கூட்டு மாத்திரையானால், வைர வடிவில் இளஞ்சிவப்பாக ஒன்று; சாப்பாட்டோடும் போடலாம், இல்லாமலும் போடலாம். மாவிரெட் என்ற மற்றதானால், ஒரு நாளைக்கு மூன்று மாத்திரையைச் சேர்த்துப் போட வேண்டும், அதுவும் சாப்பாட்டோடு. எட்டே வாரத்தில் முடிவது மாவிரெட்டின் பெருமை. ஆனால் ‘சாப்பாட்டோடு’ என்ற சொல் அச்சில் இருக்கிறது, சாப்பாடு பையில் இல்லை. அன்றைக்கு இலவச உணவு மதியம் இரண்டு மணிக்குக் கிடைத்தால் மருந்துக்கும் இரண்டு மணி. மறுநாள் கிடைக்காமல் போனால்? தங்கும் விடுதியில் இடம் கிடைத்தாலும், காலையில் எல்லோரும் வெளியேற வேண்டும். பையைத் தலைக்கு வைத்துப் படுத்தால்தான் விடியும்போது பை இருக்கும்.

இந்த நேரத்தில்தான் நகராட்சி வருகிறது. தூய்மையை நீங்கள் போற்றும் அளவுக்கு உலகத்தில் யாரும் போற்றியதில்லை. விடியற்காலையில் போலீஸ், பின்னாலேயே குப்பை லாரி. எடுத்துக்கொண்டு கிளம்பச் சில நிமிஷம். கூடாரம், போர்வை, அடையாள அட்டை, மருந்துக் குப்பி எல்லாமே லாரியின் வாய்க்குள் ஒன்றுபோலத்தான் போகும். சான் பிரான்சிஸ்கோவில் இப்படி உடைமைகளை அழிப்பதை எதிர்த்து 2022இல் வழக்கே போட்டார்கள். 2024 ஜூன் 28ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆரிகன் மாநிலத்து கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில் தீர்ப்புச் சொன்னது: தங்க இடம் இல்லாதவரானாலும் பொது இடத்தில் கூடாரம் போட்டதற்காகத் தண்டிக்கலாம், அரசியல் சாசனம் குறுக்கே நிற்காது என்று. ஆறுக்கு மூன்று. அதே ஆண்டு ஜனவரியில், ஓர் இரவில் எடுத்த கணக்கில், நாட்டில் வீடில்லாமல் இருந்தவர்கள் 7,71,480 பேர். இவர்களில் தெருவில் படுப்பவர்கள் எல்லோரையும் நகரச் சொல்லலாம் என்று சட்டம் இப்போது சொல்கிறது. எங்கே நகர்வது என்று மட்டும் சொல்லவில்லை.

ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள மருந்து ஒரு பொதுத் துறையின் பணத்தில் வாங்கப்பட்டு, மறு பொதுத் துறையின் லாரியில் நசுங்குகிறது. தொலைந்தாலும் திருடு போனாலும் மாற்று மருந்து தர முடியாது என்று சில மாநிலங்கள் விதியும் எழுதிவைத்திருந்தன. அப்படிச் சிகிச்சை பாதியில் நின்றால் கோப்பில் என்ன எழுதுவார்கள்? ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை.’ சுருக்கமாக எழுதுவதில் உங்களுக்கு நிகர் யாரும் இல்லை. லாரிக்கும் விதிக்கும் அந்த ஒரு வரியில் இடமே இல்லை.

பாராட்டியது போதும், கண்டிக்க வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டால் எழுதியது நியாயமாகாது.

பாஸ்டன் நகரத்தில் 1985இல் தொடங்கிய வீடற்றோர் மருத்துவத் திட்டம் அதில் முதல் குற்றவாளி. அதன் முதல் டாக்டர் ஜிம் ஓ’கானல். ஹார்வர்டில் படித்துப் பயிற்சி முடித்து வந்தவர். பைன் ஸ்ட்ரீட் இன் என்ற விடுதிக்கு வந்த அன்றே பார்பரா மெகின்னிஸ் என்ற நர்ஸ் அவருடைய ஸ்டெதஸ்கோப்பை ஓரம் வைக்கச் சொல்லி, நடந்து நடந்து புண்ணான கால்களை வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கழுவும் வேலையைக் கொடுத்தார். டாக்டர் மறுக்காமல் உட்கார்ந்து கழுவினார். படிப்புக்கு உண்டான கௌரவத்தைக் காப்பாற்றத் தெரியாத ஆட்கள்! கால் கழுவினவரிடம் நோயாளி பேசத் தொடங்குவார், அடுத்த வாரமும் வருவார் என்ற ஒரே லாபத்துக்காக இதைச் செய்தார்கள். ஹெபடைடிஸ் சி மாத்திரை வந்ததும் அங்கேயே ஒரு குழு அமைத்தார்கள். நர்ஸ் ஒருவர் விண்ணப்பத்தைத் துரத்துவார். மருந்தைக் கிளினிக்கிலேயே வாங்கி வைத்து, வாரப் பெட்டியில் அடுக்கிக் கொடுப்பார்கள். வராதவரைத் தேடிப் போவார்கள். போதையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. 2014 முதல் 2017 வரை அங்கே சிகிச்சை தொடங்கிய 300 பேரைப் பற்றி அவர்களே ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் குணம்.

தலைநகர் வாஷிங்டனில் இன்னொரு கூட்டம். போதை ஊசி போடுபவர்கள் சுத்தமான ஊசி வாங்க வந்து போகும் ஓர் இடத்தில், ஊசி போடுவதை நிறுத்தாத 100 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். ஆங்கர் என்பது ஆய்வின் பெயர். பாதிப் பேருக்கு நிலையான இருப்பிடம் கிடையாது. நாள் தவறினார்கள், மருந்தை விட்டுவிட்டுப் போட்டார்கள், போதையும் தொடர்ந்தது. 82 பேருக்குக் குணமாகிவிட்டது. எட்டு நகரங்களில் நடந்த ஹீரோ ஆய்வில், மாத்திரை போடுவதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிரிவு ஒன்று, கூட நின்று வழிகாட்டிய பிரிவு ஒன்று என இரண்டு வைத்தார்கள். மருந்தைத் தொடங்கியவர்களில் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய முக்கால் பங்குப் பேர் குணமானார்கள். கண்காணிப்பு இருந்த பிரிவுக்கு அதனால் கூடுதல் குணம் கிடைக்கவில்லை. நீங்கள் இத்தனை வருஷம் நம்பிய கண்காணிப்பை இப்படி ஆளாளுக்கு அவமானப்படுத்தினால் எப்படி?

அதையும் மிஞ்சியவர் நம்மோடு தொடர்புள்ளவர். 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைக் கண்டறிந்த சென்னை டாக்டர் சுனிதி சாலமனின் மகன் சுனில் சாலமன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பிரேசில், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து, உகாண்டா, அமெரிக்கா என்று ஐந்து நாடுகளில் அவர் தலைமையில் மின்மான் என்ற ஆய்வு நடந்தது. கிருமியின் வகை பார்க்கவில்லை. நடுவில் ரத்தப் பரிசோதனை வைக்கவில்லை. மருந்து போடும் நாட்களில் வந்து போகத் தேதி எதையும் குறித்துக் கொடுக்கவில்லை. 84 மாத்திரையையும் முதல் நாளே கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்காம் வாரத்திலும் இருபத்திரண்டாம் வாரத்திலும் ஒரு விசாரிப்பு, அவ்வளவுதான். 95 சதவீதம் பேருக்குக் குணம். ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லோரும் தெருவில் வாழ்பவர்கள் அல்லர். அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் மனிதர் கையில் மருந்தை மொத்தமாகக் கொடுத்தால் வீணாக்கிவிடுவார் என்ற பயத்துக்கு ஆதாரம் எங்கே என்று அந்த ஆய்வு கேட்கிறது. 28 நாளுக்கு ஒரு முறை ஏழையை வரிசையில் நிறுத்தும் உங்கள் ஏற்பாடு யாரைக் காப்பாற்றுகிறது என்றும் கேட்கிறது.

அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர் சங்கமும் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் சேர்ந்து எழுதிய சிகிச்சை வழிகாட்டிகூட உங்களுக்குத் துணை வரவில்லை. முதல் நான்கு வாரத்துக்குள் மருந்து ஏழு நாள் வரை விட்டுப்போனால் உடனே தொடரலாம், முதலில் குறித்த காலத்தோடு முடிக்கலாம் என்கிறது அது. ஒரு வாரம் தவறியதையும் அந்த மாத்திரை மன்னிக்கிறது. 2024 ஜூனில் அனுமதி பெற்ற ஒரு கருவி, விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. நான்கைந்து நாள் அலைந்ததை ஒரே அமர்வில் முடித்து, அன்றே மருந்து தொடங்கலாம். மருந்து மாறிவிட்டது, கருவி மாறிவிட்டது, நோயாளியும் தன்னால் முடியும் என்று காட்டிவிட்டார். மாறாமல் நிற்பவர்கள் நீங்கள் மட்டுமே. அந்த நிலைத்தன்மைக்கு இன்னொரு மாலை.

‘குணமானாலும் மறுபடி ஊசி போட்டு மறுபடி வாங்கிக்கொள்வார்களே’ என்று கேட்பீர்கள். சிலருக்கு மறுபடி வருகிறது, உண்மை. அவர்களுக்கும் மறுபடி மருந்து கொடுக்கலாம். இதே மாத்திரை மறுபடியும் கேட்கும். ஒருவரைக் குணமாக்கினால் அவருடைய ஊசியிலிருந்து அடுத்தவருக்குப் போகும் வழி அடைபடுகிறது. கல்லீரல் மாற்று அறுவைக்கு ஆகும் செலவைப் பக்கத்தில் வைத்தால் இரண்டாம் சுற்று மாத்திரை ஒரு பொருட்டே இல்லை. மாரடைப்பு வந்தவர் மறுபடி பொரித்ததைத் தின்றுவிட்டு வந்தால் ஆஸ்பத்திரிக் கதவை யாராவது சாத்துகிறார்களா?

பணமில்லை என்றும் சொல்ல முடியாது. லூசியானா மாநிலம் 2019இல், ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கட்டிவிட்டு வேண்டிய அளவு மருந்து வாங்கிக்கொள்ள ஒப்பந்தம் போட்டது. மெடிகெய்ட் பயனாளிகளுக்கும் சிறைக்கைதிகளுக்கும் அது பயன்பட்டது. அதே வழியை நாடு முழுவதற்கும் விரித்து நோயையே ஒழிக்கலாம் என்று, தேசிய சுகாதார நிறுவனங்களின் முன்னாள் தலைவர் பிரான்சிஸ் காலின்ஸ் 2023இல் வெள்ளை மாளிகையின் சார்பில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். அந்த ஆட்சி முடியும்வரை நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. அவசரப்பட்டு யாரையும் காப்பாற்றிவிடக் கூடாது என்ற நிதானம்.

இனி உங்களை விட்டுவிட்டு, இதைப் படிக்கும் நம்மவர்களிடம் இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் டாக்டராக, நர்ஸாக, மருந்தாளுநராக வேலை பார்க்கும் தமிழர்கள் இருக்கிறீர்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள். ‘வீட்டு முகவரி’ என்ற கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடும்படி எழுதுவதும், கிளினிக் முகவரியை ஏற்கும்படி எழுதுவதும் சில வரி வேலைதான். அதை எழுதும் இடத்தில் நீங்கள் இருந்தால் கிளினிக் முகவரியை ஏற்கச் செய்யுங்கள். தொலைந்த மருந்துக்கு மாற்றுக் கேட்டு வரும் மனு உங்கள் மேசைக்கு வந்தால், தொலைத்தவர் எங்கே படுக்கிறார் என்று ஒரு முறை கேளுங்கள். 84 மாத்திரையையும் ஒரே தடவையில் கொடுக்கலாமா என்று ஒரு நர்ஸ் போன் செய்தால், கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்.